பெற்றோர் இருக்க அநாதையோ?

உயிர்களிடத்து அன்பு செய்தல் எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப முடிந்த அறமாகும். உயிர்களுள்ளும் தம் துயரைத் தாமே எடுத்துரைக்க மாட்டாத சிறு குழவிகளிடத்தும், அக்குழவிகளுள்ளும் கண்ணொளி இழந்தார், செவிப்புலன் இல்லார், கைகால் முடங்கினார், அறிவு வளர்ச்சி குன்றினார் என்னும் இவர்களிடத்தும் செய்யப்படும் அன்பு ஏனையவற்றினும் சிறந்தது என்பதில் யார்க்கும் ஐயமில்லை. ஆயினும், ஒரு செயல் அறம் எனப் பெயர் பெற்ற அளவானே அதன்கண் ஆராய்ச்சி ஒழிந்துவிடாது. ஈவோன் கருத்து, ஈயும் பொருள், ஈயும் முறை, பெறுவோன் எய்தும் பயன் என்னும் நான்கும் தூயனவாயவழியே அஃது அறமாம். இந்நான்கனுள் முதலாவதனை மட்டும் முன்னிறுத்தி, ஏனைய மூன்றனையும் ஆராய்வாரைக் கல்நெஞ்சர் என்று இகழ்வார் உளர். கடல் கடந்த நாடுகளில் கிறிஸ்தவ சங்கங்கள் ஏழைக் குழந்தைகட்கும் உறுப்புக்குறை உடைய குழந்தைகட்கும் நடத்திவரும் இல்லங்களைப் பற்றிய வழக்கில் இவ்வாறே நிகழ்கின்றது.

இவ்வழக்கில் இரு திறத்தார் எதிரெதிர் நின்று பேசுவர். ஒரு சாரார், பாதிரிமார் குழந்தைகட்குச் செய்த தொண்டு முழுவதும் மீனைப் பிடிக்கத் தூண்டிலிற் கோத்த இரையே என்பர். மற்றொரு சாரார், பசித்த குழவிக்குச் சோறிட்டு, உடுக்கக் கொடுத்து, எழுத்தறிவித்தவனைக் குறைகூறுதல் பாவம் என்பர். முன்னவர் நன்மையை மறுக்கின்றனர். பின்னவர் தீமையை மறைக்கின்றனர். இருவர் கூற்றும் பொருந்தாமை முறையே காட்டப்படும்.

முதற்கண் தூண்டில் இரை என்பார் கூற்றினை ஆராய்க. ஒன்றரை நூற்றாண்டின் முன் சீன நாட்டுத் தலைநகராகிய பீகிங்கில் கண்ணில்லார் தெருவிற் பாடியும், குறி சொல்லியும், இரந்தும் உயிர் வாழ்ந்தனரேயன்றி, எழுத்தறியும் வழி அவர்க்கு இல்லையாயிற்று. ஸ்காட்லாந்து தேசத்தவரான வில்லியம் ஹில் மறே என்பவர் 1870-களில் அங்குத் தொண்டாற்றினார். அவர் இளமையில் ஒரு கையை இழந்தவர்; விவிலிய நூல் விற்றல் அவர்க்குத் தொழில். சீன எழுத்துக்கள் ஆயிரக்கணக்கின ஆதலின் அவற்றை அங்ஙனமே புள்ளிகளால் அமைத்தல் இயலாதென்று கண்டு, வடசீன மொழியின் ஒலிகளை 408 என வகுத்து, ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்களை விரலால் தடவி அறியும் புள்ளிகளாக்கினார். அந்நாட்டிலேயே 1887-இல் அனெட்டா மில்ஸ் என்னும் அமெரிக்க மாது தெங்சௌ நகரிற் செவிப்புலன் இல்லாச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கி, 1898-இல் அதனைச் செபூ நகர்க்கு மாற்றினார். கொரியாவிற் பியோங்யாங் நகரில் ரொசெட்டா ஷெர்வுட் ஹால் என்னும் பெண் மருத்துவர் 1890-களிற் கண்ணில்லாச் சிறுமியர்க்கு எழுத்தறிவித்தார். பின்னர்ப் பாக் தூசொங் என்னும் கொரிய ஆசிரியர் 1926-இல் ஆறு புள்ளிகளால் ஆகிய புதிய முறையொன்றைத் தம் தாய்மொழிக்கு ஏற்ப வகுத்து வெளியிட்டார். தமிழ்நாட்டிலும், பாளையங்கோட்டையிற் கண்ணில்லார்க்கும் செவிகேளார்க்கும் பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது ஆங்கிலக் கிறிஸ்தவ மாதர் முயற்சியால் என்பது மறுக்கலாகாது.

இவையெல்லாம் இரை எனின், அவ்வுவமை பொருந்தாது. என்னை? இரை மீனுக்கு உணவாவதற்கு முன்னரே அதன் உயிர்க்குக் கேடாய் முடியும். எழுத்தோ, அதனைக் கற்ற கண்ணில்லாச் சிறுவன் கற்பித்தவர் சமயத்தைத் தழுவினும் தழுவாதொழியினும், அவன் உயிருள்ள அளவும் அவனுக்குப் பயன்படுவதாம். பயன் பெறுவோனிடத்தே நிலைத்துநிற்பதனை இரை என்றல் அடாது. செய்ந்நன்றி மறத்தல் உய்தியில்லாக் குற்றம் என்னும் தமிழ் மக்கள், மாற்றுச் சமயத்தார் செய்த நன்றியாயின் மறக்கலாம் என்று விதிவிலக்குக் கூறார்.

ஈண்டு ஆப்பிரிக்கத் தேசங்களிற் செவிகேளார்க்குத் தொண்டு புரிந்த ஆண்ட்ரூ பாஸ்டர் என்பாரது வரலாறு நினைக்கத் தக்கது. அமெரிக்க நாட்டு அலபாமா மாகாணத்திற் கறுப்பினக் குடியில் 1925-இற் பிறந்த அவர், 11-ஆம் வயதில் மூளைச்சவ்வு அழற்சியால் செவிப்புலனை முற்றும் இழந்தார். செவிகேளார்க்குரிய காலடெட் கல்லூரியில் 1954-இற் பட்டம் பெற்றார். அங்குப் பட்டம் பெற்ற கறுப்பினத்தாருள் அவரே முதல்வர் எனப் பொதுவாகக் கூறப்படுவர். செவிகேளாத ஒருவரைத் தொண்டராக அனுப்பப் பழைய சங்கங்கள் முன்வாராமையின், 1956-இல் தாமே ஒரு சங்கம் நிறுவி, 1957-இற் கானா நாட்டிற் பள்ளி தொடங்கினார். 1987-இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் 13 நாடுகளில் 30-ற்கு மேற்பட்ட பள்ளிகளை அவர் தோற்றுவித்தார். அவர் கிறிஸ்தவ சமயப் பற்று மிக்கவர். வேதம் போதித்தலே தம் கடமை என்று கூறியவர். ஆயினும், செவிகேளாச் சிறுவன் அறிவில்லாதவன் என்று ஊரார் ஒதுக்கிய இடத்து, செவிகேளாத அவரே ஆசிரியராய் நின்று கைக்குறி மொழியாற் பாடஞ்சொன்னமை, அச்சிறுவர்க்கும் அவர் பெற்றோர்க்கும் ஆயிரம் உபதேசத்தினும் வலிய சான்றாயிற்று.

இனி, குறைகூறுதல் பாவம் என்னும் மற்றைச் சாராரை நோக்குக. நல்லெண்ணமே போதுமாயின், கல்வியுலகில் 1880-ஆம் ஆண்டு மிலான் நகரில் நடந்தது நடந்திராது. செவிகேளார் கல்வியைப் பற்றி அங்குக் கூடிய சபையினர், ஓரிருவர் ஒழிய, யாவரும் செவிகேட்போரே. அவர்கள் கைக்குறி மொழி ஆகாது, வாய்ப்பேச்சாலேயே கற்பித்தல் வேண்டும் என்று தீர்மானித்தனர். அதன் பயனாகப் பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செவிகேளாக் குழந்தைகள் தமக்கியன்ற மொழியை ஆளுதற்கு இடமின்றி, தாம் கேளாத ஒலியை உதட்டசைவிலிருந்து ஊகித்துக் கற்க வற்புறுத்தப்பட்டனர். அத்தீர்மானத்தால் விளைந்த கேட்டிற்கு அச்சபையின் வழிவந்த சபை 2010-இல் வான்கூவர் நகரில் வருத்தந் தெரிவித்தது. 130 ஆண்டுகட்குப் பின் வந்த வருத்தம் இடையில் வாழ்ந்து மறைந்தவர்க்கு யாது பயன் தரும்? நன்மை பெறுவோனை வினவாது செய்யப்படும் நன்மை இங்ஙனம் கேடாய் முடிதலும் உண்டு. பாஸ்டர் பள்ளிகளிலும் இக்குறை முற்றும் இல்லையென்றல் இயலாது. கானா நாட்டு அடமரோபே என்னும் சிற்றூரிற் பிறவிச் செவிட்டுத்தன்மை வழிவழியாக வருதலின், அவ்வூரார்க்கென்றே பழமையான கைக்குறி மொழி ஒன்று உண்டு. அமெரிக்கக் கைக்குறி மொழியின் வழிவந்த பள்ளி மொழி பரவவே, அவ்வூர் மொழி தேய்ந்து வருகின்றது.

இவை அறியாமையான் நிகழ்ந்த குறைகள் எனப் பொறுக்கப்படலாம். பொறுக்கலாகாத குறை வேறொன்று உளது. அது பெற்றோர் உயிருடன் இருக்கும் குழந்தைகளை அநாதைகள் எனப் பெயரிட்டுப் பிரித்துச் சேர்த்தலாம்.

ஹெயிட்டி என்னும் தீவுநாட்டில் 2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பெரும்பூகம்பம் உண்டாயிற்று. அம்மாதம் 29-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாப்டிஸ்டு சபையினர் பதின்மர், 33 குழந்தைகளைத் தக்க ஆவணமின்றி அயல்நாடாகிய தொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று எல்லையில் தடுக்கப்பட்டனர். அநாதைகளை இல்லத்திற் சேர்க்கவே கொண்டு செல்கின்றோம் என்பது அவர் கூற்று. விசாரித்த வழி, அக்குழந்தைகளுட் பெரும்பாலார்க்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிருடன் இருந்தமை வெளிப்பட்டது. பள்ளிக்கூடமும் நல்லுணவும் விளையாடும் இடமும் உண்டு என்னும் வாக்குறுதியை நம்பிப் பெற்றோரே அவர்களைக் கையளித்திருந்தனர். கடத்தற் குற்றச்சாட்டுக்கள் பின்னர் நீக்கப்பட்டன. தலைவர் ஒருவர் மட்டும் முறையற்ற பயணத்தை ஏற்பாடு செய்த சிறு குற்றத்திற்கு உள்ளாகி, அதுகாறும் சிறையிருந்த காலமே தண்டமாகக் கொள்ளப்பட்டு விடுதலை பெற்றார். அப்பதின்மரும் பொருளாசையாற் செய்தனர் என்று கூறுதற்கு இடமில்லை. அவர் கருத்துத் தூயதென்றே கொள்க. கொண்டால், தூய கருத்தும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் என்பதன்றோ முடிவாகின்றது?

இஃது ஒரு நாளில் ஒரு சாராரால் நேர்ந்த பிழையன்று. ஹெயிட்டியில் அநாதை இல்லங்களில் வாழும் குழந்தைகள் ஏறத்தாழ 30,000 பேர் எனவும், அவருள் ஐவருள் நால்வர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருக்கின்றனர் எனவும் கணிக்கப்பட்டது. லூமோஸ் என்னும் நிறுவனம் 2017-இல் ஆராய்ந்து, அந்நாட்டு இல்லங்கட்கு வெளிநாட்டார் ஆண்டுதோறும் அனுப்பும் பொருள் 10 கோடி டாலர்க்குக் குறையாது என்றும், அனுப்புவோருட் பெரும்பாலார் கிறிஸ்தவ சபையினர் என்றும் கண்டது. வறுமை மிக்க நாட்டில் இத்துணைப் பொருள் இல்லத்தின் வாயிலில் வந்து குவியவும், இல்லத்திற்கு வெளியே உள்ள தாய்க்கு ஒரு காசும் சேராதிருக்கவும், அத்தாய் தன் பிள்ளையை எங்கே விடுவாள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

ஈண்டு அநாதை என்னும் சொல்லின் இலக்கணத்தை ஆராய்தல் வேண்டும். ஒரு பொருளுக்குக் கூறும் இலக்கணம் அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்னும் மூன்று குற்றமும் நீங்கியதாதல் வேண்டும் என்பது தருக்க நூலாரது துணிபு. கொம்புடையது பசு என்றால், எருமைக்கும் ஆட்டிற்கும் அவ்விலக்கணம் சேறலின் அதிவியாப்தியாம். அங்ஙனமே, ஐக்கிய நாட்டுக் குழந்தை நல நிறுவனமாகிய யூனிசெப், பெற்றோருள் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, 18 வயதிற்குட்பட்டவரை அநாதை என்னும் பெயராற் கணக்கிட்டு, 2015-இல் உலகில் அத்தகையார் ஏறத்தாழ 14 கோடி என்றது. அவருள் இருவரையும் இழந்தார் 1 கோடியே 51 இலக்கம் என்பதும் அந்நிறுவனமே தெளிவாகக் கூறியது. எனவே பதின்மருள் ஏறத்தாழ ஒன்பதின்மர்க்குத் தாயேனும் தந்தையேனும் உளர். நோய் தடுப்பார்க்கும் உணவு பகுப்பார்க்கும் இப்பரந்த கணக்குப் பயன்படும். பொருள் திரட்டுவாரோ, 14 கோடி என்னும் தொகையை மேடைதோறும் முழக்கி, 1 கோடியே 51 இலக்கம் என்பதனை வாய்திறவாது விடுவர். கேட்போர் மனத்தில் தோன்றுவது, தாயும் தந்தையும் உறவும் அற்றுத் தெருவில் நிற்கும் 14 கோடி குழவிகளின் உருவம். இதனைச் சொல்லாற் பொய் என்றல் இயலாதெனினும், பயனாற் பொய்யே என்க.

அற்றேல், இல்லங்கள் பெருகுதற்குக் காரணம் அநாதைகள் பெருகுதலே ஆகலாமன்றோ எனின், ஆகாது. காரணம் உளதாகக் காரியம் உளதாதலும், அஃது இலதாக இஃது இலதாதலும் காணப்பட்ட வழியே காரணகாரிய இயைபு துணியப்படும். கம்போடியா நாட்டில் 2005-ஆம் ஆண்டுமுதல் 2010-ஆம் ஆண்டுவரை உள்ள ஐந்தாண்டில் அநாதை இல்லங்கள் நூற்றுக்கு 75 பங்கு மிகுந்தன. பெற்றோரைக் கொள்ளைகொள்ளும் பெரும்போரோ புதிய கொள்ளைநோயோ அவ்வைந்தாண்டில் அங்கு நேரவில்லை. ஆகலின் காரணம் இலதாகவும் காரியம் உளதாயிற்று. அக்காலத்துப் பெருகியது வெளிநாட்டுப் பயணிகளின் வருகையும், அவருட் சிலர் இல்லங்களிற் சில நாள் தங்கிக் குழந்தைகளோடு விளையாடிப் படம் பிடித்துக்கொண்டு பொருளுதவும் வழக்கமுமே. 2011-இல் அந்நாட்டு அரசினரும் யூனிசெப்பும் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்வில்லக் குழந்தைகளுள் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உள்ளமை தெளிந்தது. ஆகவே, அநாதைகள் இருத்தலால் இல்லம் தோன்றிற்று என்பது தவறு. இல்லம் தோன்றினமையால் அநாதைகள் தோன்றினர் என்பதே உண்மை. 2019 டிசம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை, பெற்றோர் காவலை இழந்த குழந்தைகளைப் பற்றிய தீர்மானத்தில் இத்தகைய வாணிகத்தைத் தடுத்தல் வேண்டும் என்று நாடுகளை வற்புறுத்தியதும் இதுபற்றியே.

பிரிவால் வரும் கேடு யாது எனின், அதுவும் ஆராய்ந்து தெளியப்பட்டதேயாம். ருமேனியா நாட்டில் 1966-இற் கருச்சிதைவு தடுக்கப்பட்டுப் பிள்ளைப்பேறு வற்புறுத்தப்பட்டமையால், வளர்க்க வழியற்றார் பிள்ளைகளை அரசினர் இல்லங்களில் விட்டனர். 1989-இல் ஆட்சி வீழ்ந்தபோது அவ்வில்லங்களில் இருந்தோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அது பாதிரிமார் செயலன்று. ஆயினும், 2000-ஆம் ஆண்டு புக்கரெஸ்டு நகரில் தொடங்கிய ஆராய்ச்சி எல்லா இல்லங்கட்கும் பொருந்தும் உண்மையை வெளிப்படுத்தியது. இல்லத்துக் குழந்தைகள் 136 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்த்து நோக்கியபோது, குடும்பம் சேர்ந்தார் அறிவிலும் மொழியிலும் பிறரோடு பற்றுக்கொள்ளும் தன்மையிலும் மேம்பட்டனர். இரண்டு வயதிற்கு முன்னர்ச் சேர்ந்தார் பெற்ற பயன் பெரிது. சோறும் உடையும் மருந்தும் இருந்தும், தன்னை ஒருவர்க்கே உரிய பிள்ளை என்று அறிந்து எடுத்தணைக்கும் கை இன்மையால் குழந்தையின் அறிவே குன்றுகின்றது என்றால், எத்தகைய கட்டடமும் அக்கைக்கு ஈடாகுமோ?

கனடா தேசத்தின் வரலாறு இதனினும் கொடிது. அரசினர் பொருளுதவ, கத்தோலிக்க, ஆங்கிலிக்க, பிரெஸ்பிட்டேரிய முதலாய சபையினர் நடத்திய உறைவிடப் பள்ளிகளில், ஒரு நூற்றாண்டிற்கு மேலாக அந்நாட்டு முதுகுடி மக்களின் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசினார் ஒறுக்கப்பட்டனர். மூதாதையர் வழிபாடு இகழப்பட்டது. வீடு திரும்பாது இறந்தார் 3,000-ற்கு மேற்பட்டார். 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார்; உண்மையறியும் ஆணையம் 2015-இல் தன் முடிவை வெளியிட்டது; 2022-இற் போப்பரசர் பிரான்சிஸ் அந்நாட்டிற்கே சென்று மன்னிப்பு வேண்டினார். அப்பள்ளிகளை நடத்தியோர் தம் காலத்திற் கூறியதும், பிள்ளைகளின் நன்மைக்கே செய்கின்றோம் என்பதேயாம்.

இனி, எதிர்தரப்பார் கூறும் தடைகள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக விடுக்குமாறு காண்க.

பெற்றோர் தாமே மனமுவந்து ஒப்படைக்கின்றனர். வலிந்து பறிப்பார் யார் என்பது முதற்றடை. மனமுவத்தல் வேறு, வேறு வழியின்மை வேறு. இல்லத்தில் விட்டாற் கல்வி உண்டு, வீட்டில் வைத்தாற் கல்வி இல்லை என்னும் இரண்டையே காட்டி, ஒன்றனைத் தெரிக என்பார், தெரிவு கொடுத்தாராகார். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பேணும் செலவு, அப்பிள்ளையின் தாய்க்கு உதவி வீட்டிலேயே வளர்க்கச் செய்யும் செலவினும் பன்மடங்கு என்பது கணக்கிட்டார் யாவரும் கண்டது. குறைந்த செலவில் தாயோடும் இருக்கச் செய்யலாம் என்று அறிந்தும், மிகுந்த செலவில் தாயின்றி வைப்பதற்குக் காரணம் என்னை? தாயோடு வீட்டில் இருக்கும் பிள்ளையைப் படம்பிடித்துக் காட்டினாற் பொருள் வாராது. வரிசையாக நிறுத்திய அநாதைகளைக் காட்டினால் வரும். பிற காரணம் கூறவல்லார் கூறுக.

உறுப்புக்குறை உடைய பிள்ளையைப் பெற்றோர் பேணமாட்டார். ஆகலின் இல்லம் வேண்டும் என்பது இரண்டாந்தடை. கண்ணில்லார்க்கும் செவிகேளார்க்கும் தனிப்பள்ளி வேண்டும் என்பது உண்மையே. பள்ளி என்பது கற்பித்து வீட்டிற்கு அனுப்புவது. அநாதை இல்லம் என்பது வீட்டை மறக்கச்செய்வது. இரண்டனையும் ஒன்றாக்கிக் கூறுதல் பொருந்தாது. 1978-இல் அல்மா ஆட்டா நகரில் நடந்த சுகாதார மாநாட்டிற்குப் பின், உலக சுகாதார நிறுவனம் பயிற்சி பெற்ற தொண்டர் பிள்ளையின் வீட்டிற்கே சென்று, நடக்கவும் உண்ணவும் பேசவும் பழக்கும் முறையைத் தாய்தந்தையர்க்குக் கற்பிக்கும் வழியைப் பரப்பியது. ஏர்ன்ஸ்டு கிறிஸ்டோபெல் என்னும் ஜெர்மானியப் போதகர் 1908-இல் துருக்கி நாட்டு மலாத்யா நகரிற் கண்ணில்லார்க்கும் அநாதைகட்கும் இல்லம் திறந்தவர். அவர் பெயரால் வளர்ந்த சங்கமே இன்று ஊர்ப்புறத்தில் வீட்டோடு வைத்துப் பேணும் அம்முறையைப் பல நாடுகளிற் கைக்கொள்கின்றது. ஆகவே, இல்லமே வழி என்பாரை மறுப்பதற்குப் பிற சமயத்தார் வேண்டா, கிறிஸ்தவரே போதியர்.

இருவரையும் இழந்தார்க்கு யாது வழி என்பது மூன்றாந்தடை. பாட்டி, மாமன், சிற்றப்பன் முதலிய உறவினர் முதல் வழி. அவர் இல்வழி அவ்வூரிலேயே ஒரு வளர்ப்புக் குடும்பம் அடுத்த வழி. அதுவும் இயலாத சிலர்க்கே சிறிய இல்லம். 1994-ஆம் ஆண்டுப் படுகொலையால் மெய்யான அநாதைகள் பல்லாயிரவரைக் கண்ட ருவாண்டா நாடே, 2012-இல் இல்லங்களை மூடி, அவற்றில் இருந்த 3,000-ற்கு மேற்பட்ட குழந்தைகளைக் குடும்பங்களிற் சேர்த்தல் வேண்டும் என்று தீர்மானித்துப் பெரும்பாலாரைச் சேர்த்தது. வறிய நாடொன்று செய்த இதனைச் செல்வ நாட்டார் பொருள் செய்யாதோ?

உணவினும் உயர்ந்தது உயிரின் இரட்சிப்பு. அதன்பொருட்டுப் பிரிவும் தகும் என்பது நான்காந்தடை. இதனை அவர்தம் கொள்கையானே மறுக்கலாம். பாப்டிஸ்டு சபையினர்க்கு அப்பெயர் வந்ததே, தானே உணர்ந்து விசுவாசம் கொள்ளாத சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தல் ஆகாது, உணர்ந்தவனுக்கே ஆகும் என்னும் கொள்கை பற்றியாகும். கத்தோலிக்க சபையின் சட்டமும், சாவுநேரம் ஒழிய, பெற்றோருள் ஒருவரேனும் இசையாதவழிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல் முறையன்று என்கின்றது. எனவே உணர்வும் இசைவும் இன்றிச் சமயம் இல்லை என்பது அவர்க்கும் உடன்பாடே. பசித்த குழவி, தனக்குச் சோறிடும் கை எத்திசை காட்டினும் அத்திசை கும்பிடும். அக்கும்பிடு சோற்றுக்கேயன்றிக் கடவுளுக்கு ஆகாது. சைவ சித்தாந்தமும், இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் உற்ற பக்குவ ஆன்மாவுக்கே தீக்கை என்று விதித்து, பக்குவம் நோக்காது கொடுப்பதனை விலக்கிற்று. சோற்றை முன்வைத்து ஒரு பிள்ளையைத் தன் சமயத்திற்கு ஈர்ப்பவன் எச்சமயத்தான் ஆயினும், அவன் தன் கடவுளுக்கே இழுக்குத் தேடியவனாவன்.

உறுப்புக்குறையை முன்வினைப் பயன் என்று கூறி வாளாவிருக்கும் சைவர்க்கு இதனைப் பேச உரிமை உண்டோ என்பது ஐந்தாந்தடை. இதற்கு விடை இருவகைத்து. கொள்கை பற்றிய விடை: வினை என்பது நுகர்வானைப் பற்றியது, காண்பானது கடமையை அது நீக்காது. பசியும் வினைப்பயனே, அதுபற்றிச் சைவர் அன்னம் இடாது ஒழிந்தாரல்லர். பிறன் துயர் காணுமிடத்துக் கண்டவன் செய்யும் செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறுமாகலின், வினைக்கொள்கை இரக்கத்தை வற்புறுத்துமேயன்றித் தடுக்காது. அன்றியும், தனு கரண புவன போகங்களை உயிர்க்கு அளிப்பவன் இறைவனே ஆகலின், ஒளியில்லாத கண்ணோடு கூடிய உடம்பும் அவன் அருளால் தந்ததே. அதனை இகழ்வான் தந்தவனை இகழ்ந்தானாவன். பெரியபுராணத்துட் போற்றப்படும் தண்டியடிகள் பிறவியிலே கண்ணில்லார். அவர் பிறரது இரக்கத்தை எதிர்நோக்கி இருந்தாரல்லர். திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டக் கருதி, தறி நட்டுக் கயிறு கட்டித் தடவிச் சென்று மண் சுமந்தார். கண்ணில்லாராற் குளந்தோண்டல் ஆகாதென்று எள்ளியவரே பழிப்புற்றனர் என்பது அவ்வரலாறு.

நடைமுறை பற்றிய விடை வேறு. இத்துணை உயர்ந்த கொள்கை உடையார், தண்டியடிகளுக்கு ஆண்டுதோறும் குருபூசை செய்துவிட்டு, தம் தெருவிற் கண்ணில்லாச் சிறுவனுக்கு எழுத்தறிவிக்க என்ன செய்தனர் என்று எதிர்தரப்பார் வினவுவராயின், தலைகுனிதலன்றிப் பெரும்பாலார்க்கு மறுமொழி இல்லை. வினை என்னும் சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவார் உளர்; அவர் செயல் சித்தாந்தத்திற்கு முரணாவது என்று ஒளியாது கூறுதல் வேண்டும். பிறர் குற்றங் காண்பார் தம் பக்கத்தும் அக்குற்றம் உண்டோ என்று நோக்குதல் முறை. ஆகலின், சைவர் நடத்தும் இல்லமாயினும், பெற்றோருள்ள பிள்ளையை அநாதை எனப் பெயரிட்டுப் பொருள் திரட்டுமாயின், மேற்கூறிய குற்றம் அதற்கும் ஒக்கும். அளவுகோல் ஒன்றே, ஆளுக்கேற்ப நீட்டலும் குறுக்கலும் நீதியன்று.

இதுகாறும் கூறியவாற்றால், எழுத்தும் கல்வியும் கைத்தொழிலும் கொடுத்துப் பிள்ளையை அதன் வீட்டிற்கே திருப்பிய தொண்டு யார் செய்யினும் போற்றத்தக்கது என்பதும், வறுமையை அநாதைத்தன்மை எனப் பெயர் மாற்றித் தாயையும் சேயையும் பிரிக்கும் தொண்டு யார் செய்யினும் விலக்கத்தக்கது என்பதும் பெறப்பட்டன. எனவே, எந்நாட்டு இல்லத்தின் பெயராலேனும், எச்சமயத்தாராலேனும் பொருளுதவி வேண்டப்படும்போது, கொடுக்கும் முன் சில வினாக்களை வினவுக. இப்பிள்ளையின் தாய் எங்கே? தந்தை எங்கே? இருவரும் இலரேல் பாட்டியும் மாமனும் எங்கே? இப்பொருளை அவர்க்கே கொடுத்தால் பிள்ளை அவரோடு இருக்கக் கூடுமோ? ஆண்டிற்கு எத்துணைப் பிள்ளைகள் இவ்வில்லத்திலிருந்து வீடு திரும்பினர்? பிள்ளை எம்மொழி பேசுகின்றது? எவ்வழிபாட்டில் வளர்கின்றது? அதனைப் பெற்றோர் அறிந்து இசைந்தனரோ? இவ்வினாக்கட்கு நேரிய விடை கூறும் தொண்டர்க்கு, அவர் சிலுவை அணிந்தவராயினும் திருநீறு அணிந்தவராயினும், தயங்காது கொடுக்க. விடை கூறாது பிள்ளையின் படத்தை மட்டும் நீட்டுவார்க்குக் கொடுக்கும் பொருள், இன்னுமொரு தாயின் மடியிலிருந்து பிள்ளையை எடுப்பதற்கே செல்லுமாதலின், அதனை மறுத்தலே அறமாம். அன்பர்கள் இதனை உய்த்துணர்ந்து, தத்தம் ஊரில் உறுப்புக்குறையோடு வளரும் பிள்ளைகளையும் அவரைப் பெற்ற தாய்மாரையும் முதற்கண் தேடிச்சென்று உதவுவார்களாக.